திருவள்ளூர் வரைக்கும் சீசன் டிக்கெட்

பெரம்பூரில் அறை எடுத்துக் குடிவந்த பிறகும் ஏழு மாதம் நான் திருவள்ளூர் வரைக்கும் சீசன் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. கவுன்ட்டரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே விட்டிருப்பேனோ என்னவோ.

அம்மா போன பிறகு மணவாள நகர் வீட்டில் நானும் தம்பி குடும்பமும் இருந்தோம். தம்பிக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலையில் வேலை. ஷிஃப்டுக்குப் போய்வருவதிலேயே பாதி உடம்பு கரைகிறது என்று வீட்டை விற்றுவிட்டு அங்கேயே குடிபோனான். என்னையும் கூப்பிட்டான். எனக்குப் பாரிமுனையில் வேலை. அதோடு, கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா தம்பி வீட்டில் எந்த மூலையில் பாய் விரிப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் என்றுவிட்டேன். சிட்டிக்குள் போனால் நிம்மதி, ரயிலில் நசுங்க வேண்டாம், அரைமணியில் வீடு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கை நீட்டினால் அதன் சுண்ணாம்பு விரலில் ஒட்டும். பஸ் பிடித்து ஆறரைக்கெல்லாம் வந்துவிடுவேன். அதற்குமேல் தூக்கம் வரும்வரை கிடக்கிற அந்தப் பெரிய வெற்று நேரத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கீழ்வீட்டு டிவியில் யாரோ அழுவார்கள், உடனே யாரோ சிரிப்பார்கள். நான் எழுந்து பாத்திரத்தை இடம் மாற்றி வைப்பேன், மறுபடி பழைய இடத்திலேயே வைப்பேன். காலையில் பால் பாக்கெட் கேட்க வாய் திறந்தால் தொண்டை கரகரக்கும். நேற்று மாலையிலிருந்து அதற்கு வேலையே இருந்திருக்காது.

மூன்றாவது வாரம் ஒரு நாள், பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டிய கால் சென்ட்ரலுக்குப் போயிற்று.

ஆறு வருஷமாக நான் வீடு திரும்பிய ஆறு மணி திருவள்ளூர் வண்டியின் லேடீஸ் பெட்டியில் எங்கள் ஆறேழு பேருக்குப் பெயர் கிடையாது. இறங்கும் ஸ்டேஷன்தான் பெயர். திருநின்றவூர் வந்தாளா, ஆவடிக்கு உடம்பு சரியில்லையாமே என்றுதான் பேச்சு. யார் முருங்கைக்கீரை வாங்கி வந்தாலும் கொத்துக் கொத்தாகப் பிரித்து எல்லார் மடியிலும் போட்டுவிடுவார்கள். அம்பத்தூர் வருவதற்குள் உருவி முடிந்திருக்கும். மருமகளைத் திட்டுவதும் மாத்திரை மாற்றிக்கொள்வதும் அதோடு நடக்கும். யார் வீட்டுக்கும் யாரும் போனதில்லை.

அன்று என்னைப் பார்த்ததும், "இன்னா திருவள்ளூரு, ஆளையே காணோம்?" என்றாள் செவ்வாப்பேட்டை அக்கா. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காய்ச்சல் என்றேன். கீரை மடியில் விழுந்தது. பெரம்பூர் வந்தது. என் தெரு முனை விளக்கு ஜன்னலில் தெரிந்து, நின்று, நகர்ந்து போனது. நான் எழவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொருவராக இறங்குவார்கள். செவ்வாப்பேட்டை அக்காவும் இறங்கிய பின் நானும் நாலைந்து முகம் தெரியாத பெண்களும் மிச்சம். திருவள்ளூரில் இறங்கி, படியேறி, அடுத்த பிளாட்பாரத்தில் சென்னை போகும் வண்டிக்குக் காத்திருப்பேன். திரும்புகிற பெட்டி காலியாக இருக்கும். கைப்பிடிகள் மட்டும் வரிசையாக ஆடிக்கொண்டு வரும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேச்சு கேட்பதற்கு அவ்வளவு தூரம். சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் பெயர் போய்விடும் என்று இருந்தது. அந்தச் சிட்டியில் என்னைக் கூப்பிட வேறு யாரிடமும் பெயர் இருக்கவில்லை.

ஏழாவது மாதம் ஒரு மாலை செவ்வாப்பேட்டை வந்தும் அக்கா எழவில்லை.

"இன்னிக்கு நானும் உங்கூருதான். மணவாள நகர்ல நாத்தனார் ஊட்ல கொழந்த பொறந்துகீது. உன் ஊட்டாண்ட ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு அப்பிடியே போறேன்."

வேலை இருக்கிறது, கடைக்குப் போக வேண்டும் என்று நூறு சொல்லியிருக்கலாம். நடந்தோம். அக்கா குழந்தையின் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். என் கால்களுக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். வீட்டு முன்னால் போய் நின்றன. கேட் நீல நிறமாகியிருந்தது. உள்ளே ஒரு சின்ன சைக்கிள், துவைத்துப் போட்ட யாருடையதோ சட்டைகள். அக்கா தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"அது என் வீடு இல்லக்கா."

"பின்ன எது?"

"பெரம்பூர்ல."

அவள் கையை எடுக்கவில்லை. எவ்வளவு நாளாக என்றாள். சொன்னேன். தினமும் இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பி வண்டி ஏறுகிறாயா என்றாள். தலையாட்டினேன்.

"லூசாடி நீ? எங்களாண்ட சொன்னா இன்னா, கடிச்சித் துன்னுடுவமா?"

"சொன்னா பெரம்பூர்ல எறங்கச் சொல்லுவீங்களே அக்கா."

உள்ளிருந்து யாரோ எட்டிப் பார்த்ததும் தாழ்ப்பாளை விட்டாள். முகம் இறுகியிருந்தது. ஆறு வருஷம் தன் வீட்டுக் கதை எல்லாவற்றையும் என் காதில் கொட்டியவள். ஏமாந்த கோபம் அது, நியாயமான கோபம். நாத்தனார் வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் ரூமுக்கு வருகிறேன், அட்ரஸ் எழுதிக் கொடு என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பெட்டியில் யாரிடமும் அவள் எதுவும் சொல்லவில்லை. வண்டி பெரம்பூரில் நுழையும்போது மேலே இருந்த என் பையை எடுத்து என் மடியில் வைத்தாள். இறங்கினேன். பிளாட்பாரத்தில் நின்று பார்த்தபோது பெட்டிக்குள் எல்லாத் தலைகளும் ஒரு கணம் என் பக்கம் திரும்பின. பிறகு வண்டி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அறையைக் கழுவினேன். இன்னொரு தட்டும் டம்ளரும் வாங்கி வைத்தேன். அவள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆக்கிய குழம்பைத் திங்கட்கிழமைவரை நானே சாப்பிட்டேன். பெட்டியில் அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு காலை, நான் எதுவும் ஆக்காத நாளில், கதவு தட்டப்பட்டது. நைட் டூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, கையில் ஒரு இட்லிப் பொட்டலம். மாடிப்படியைத் திட்டினாள். ஜன்னலைத் திறந்து சுவரைப் பார்த்துவிட்டு மூடினாள். பேச எவ்வளவோ எடுத்து வைத்திருந்தேன். அவள் இரண்டு இட்லி தின்று, தண்ணீர் குடித்து, என் பாயில் சரிந்தாள்.

"செத்த நேரம் கண்ண மூடிக்கிறேன்டி."

வாய் லேசாகத் திறந்து, புடவை ஊக்குக்கூடக் கழற்றாமல், அப்படியே தூங்கிப்போனாள். குழாயைத் திறந்தவள் மெதுவாக மூடினேன். கீழே டிவி சத்தம் கேட்டது. படியிறங்கிப் போய், முதன்முறையாக அந்த வீட்டுக் கதவைத் தட்டி, வீட்டில் ஆள் தூங்குகிறார்கள், கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.