முப்பத்திரண்டாம் எண்காரன்

ஸ்டேன்பெக் ஊரில் ஹெட்டி காலோவிடம் அடி வாங்காத ஆண்பிள்ளை குறைவு. பதினாலு வயதிலிருந்து சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைப் பிழிந்து பிழிந்து முறுக்கேறிய கை அது. மதுக்கடையில் வாய் நீட்டியவனுக்குப் பல் போயிருக்கிறது. மீன் வறுவல் கடையில் வரிசை தாண்டியவனுக்குக் காதில் தையல் விழுந்திருக்கிறது. ஆனால் மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் ஒருவன்தான், அவள் புருஷன் வில்ஃப்.

கல் குவாரியில் வேலை செய்த ஆள். ஆறடி உயரம். திருப்பி ஒன்று கொடுத்தால் அவள் சுவரில் போய் ஒட்டியிருப்பாள். கொடுக்கவே இல்லையே அந்த மனுஷன். கல்யாணமான மூன்றாம் வருஷம் கணப்புக் கம்பியால் அவன் தோள்பட்டை எலும்பை உடைத்தாள். அப்புறம் ஒரு காது கேட்காமல் போயிற்று. டாக்டரிடம் "படியில விழுந்துட்டேன்" என்பான். மதுக்கடைக் கூட்டாளிகள் சும்மா விடுவார்களா?

"என்ன வில்ஃப், இன்னைக்கு எந்தப் படி?"

அவனும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பான். பார்க்கிறவர்களுக்குத்தான் வயிறு எரியும்.

அவள் கோபத்துக்குக் காரணம் ஊருக்கே தெரியும். 1933-இல், தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமைப் பந்தாட்டத்தில் அவள் தம்பி ஆல்பி செத்துப்போனான். ஓடைக்கு வடகரையில் பிறந்தவர்கள் ஒரு கட்சி, தென்கரையில் பிறந்தவர்கள் மறு கட்சி. முந்நூறு பேர், ஒரே பந்து, விதி என்று பெரிதாக ஒரு மண்ணும் கிடையாது. கடை ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு ஊரே ஒருவரையொருவர் மிதித்துக்கொள்ளும். அன்று வடகரைக்காக ஆடி, பந்தை வயிற்றோடு அணைத்தபடி மில் மதகடியில் தண்ணீருக்குள் போன ஆல்பி எழுந்திருக்கவில்லை. பத்தொன்பது வயது. வழுக்கி விழுந்தான் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். உடம்பைக் கழுவியவள் ஹெட்டி. அவன் பிடரியில் விரல் தடங்கள் கறுத்துப் பதிந்திருந்ததை அவள் பார்த்தாள்.

யார் விரல்? அதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை. பந்தை மேலே எறிந்ததிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை நடந்த எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே வழக்கம். மூக்கை உடைத்தவனும் உடைபட்டவனும் மறுநாள் ஒன்றாக உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். பார்த்தவன் வாயைத் திறந்தால் அவன் ஆம்பிளையே இல்லை. பாழாய்ப்போன வழக்கம். ஹெட்டி தென்கரையில் வீடு வீடாகப் போனாள், சட்டையைப் பிடித்து உலுக்கினாள், கதவுகளை உதைத்தாள். எவனும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நாட்களில் அவள் வீடு தேடி வந்த ஒரே தென்கரைக்காரன் வில்ஃப். நிலக்கரி சுமந்து கொடுத்தான், ஒழுகிய கூரையை அடைத்தான், படுக்கையில் விழுந்த அவள் அம்மாவைக் கடைசிவரை தூக்கிக் கிடத்தினான். இரண்டு வருஷத்தில் கல்யாணம். முதல் அடி அடுத்த ஆட்ட நாளன்று விழுந்தது. தெருவில் ஆரவாரம் கேட்டதும் அவளுக்குத் தலைக்கேறியது, கையில் சூப் கரண்டி இருந்தது, எதிரே அவன் நின்றான்.

ஆல்பி செத்து நாற்பத்தோரு வருஷம் கழித்து, படம் பிடிக்கும் கடை வைத்திருந்த டெய்ன்ட்ரி கிழவர் கண்ணை மூடினார். அவர் பரணிலிருந்து படம் பதிந்த பழைய கண்ணாடித் தகடுகள் பெட்டி பெட்டியாக இறங்கின. நூலகத்தில் வேலை பார்த்த மிஸ் டிரீன் அவற்றைப் பெரிய படங்களாக்கி தேவாலயக் கூடத்தில் மாட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதே தலைகளை வெறும் கோடுகளாக வரைந்து எண் போட்டிருந்தது. பக்கத்தில் நூலில் ஒரு பென்சில் தொங்கியது. அடையாளம் தெரிந்தவர்கள் எண்ணுக்கு நேரே பெயரை எழுத வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஹெட்டியை வரவழைத்தார்.

"ஹெட்டியம்மா, இந்த ஊர்ல உங்களுக்குத் தெரியாத மூஞ்சி ஏது? இந்த ஆட்டப் படத்துல இன்னும் ஆறு பேர் பாக்கி."

"அவனவன் அழுக்கைத் தொவைச்சவ நான். மூஞ்சி எதுக்கு, சட்டைக் காலரைக் காட்டு, ஆளைச் சொல்லிடறேன்."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுதினாள். பதினேழு, கசாப்புக்கடை ஓட்லி. இருபத்துமூன்று, மணியடிக்கிற பிளாக்.

"ஓரத்துல, மதகுகிட்ட இன்னும் ரெண்டு பேர். முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு. தண்ணிக்குள்ள பந்தைத் தேடறாங்க போல" என்றார் மிஸ் டிரீன்.

முப்பத்தொன்றுக்கு முகம் இல்லை. தண்ணீருக்கு மேலே முதுகும் ஒரு முழங்கையும் மட்டும் தெரிந்தன. முழங்கையில் கிழிசலை மூடிய குறுக்குத் தையல். தைத்தவளுக்குத் தெரியாதா? முப்பத்திரண்டு அந்த முதுகில் முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடரியை அமுக்கிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சேறு. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆனால் அவன் கண்களை இறுக மூடிக் கீழுதட்டை ஓரமாகக் கடித்திருந்தான். ஹெட்டி கை ஓங்கும்போதெல்லாம் வில்ஃப் வைத்துக்கொள்ளும் முகம் அது. முப்பத்தொன்பது வருஷமாக அதைப் பார்க்கிறாள்.



"தெரியுதா?" என்றார் மிஸ் டிரீன்.

"தெரியுது."

ஆல்பி ஃபர்னிஸ் என்று எழுதினாள். அதன் கீழே வில்ஃப் காலோ என்று எழுதும்போது பென்சில் முனை ஒடிந்தது. மிச்ச எழுத்துகளை நகத்தால் கீறிவிட்டு வெளியே போனாள்.

வில்ஃப் அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டெய்ன்ட்ரி படம் புடிச்சு வெச்சிருக்கான்யா. மதகடியில. ஆல்பி கீழ, நீ மேல."

கத்தி நின்றது. 

"பந்தை விடமாட்டேன்னான். இப்ப விட்டுடுவான், இப்ப விட்டுடுவான்னு அமுக்கினேன். மூச்சு இருக்கும்னுதான் நெனச்சேன், ஹெட்டி."

"எப்பக் கையை எடுத்தே?"

"பந்து மேல வந்தப்புறம்."

அவள் அடுப்பிலிருந்த இரும்பு வாணலியைத் தூக்கினாள். அவன் கத்தியை வைத்துவிட்டு எழுந்து, உடையாத தோளைக் காட்டி நின்றான். கண்ணை மூடினான், உதட்டைக் கடித்தான். பயப்படவில்லை. குளிரில் நின்றவன் கணப்பருகே வந்ததுபோல அவன் உடம்பு தளர்ந்தது. ஓங்கிய கையோடு அவள் அதைக் கவனித்தாள். அவளுக்குப் பற்றி எரிந்தது.

"என்கிட்ட அடி வாங்கின அன்னைக்கெல்லாம் நல்லாத் தூக்கம் வருமாய்யா உனக்கு?"

"வரும்" என்றான், கண்ணைத் திறக்காமல்.

அவள் வாணலியை அடுப்பிலேயே வைத்தாள்.

"இனிமே என் கை உன்மேல படாது. நீ சாகற வரைக்கும் படாது."

அவன் கண்ணைத் திறந்தான். நாற்காலி உருள அவள் காலடியில் விழுந்தான்.

"அடி ஹெட்டி. காலைப் புடிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு."

அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் அறைந்துகொள்ளப் பார்த்தான். அவள் உருவிக்கொண்டு இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கி உட்கார்ந்தாள். வில்ஃப் மேசை விளிம்பில் நெற்றியை மோதத் தொடங்கினான். மூன்றாவது மோதலில் ரத்தம் வந்தது. தடுக்க அவள் எழுந்திருக்கவில்லை.