நடுவில் நிற்காத கைகள்

வள்ளி ‘நாளைக்கு’ என்று சைகையில் சொல்லும்போதெல்லாம் பாதியில் நின்றுவிடுவாள். தூக்கிய கை தோளருகே அப்படியே அந்தரத்தில் நிற்கும். கண்ணுகூட இமைக்காது. பிறகு ஒரு மூச்சை விட்டுவிட்டு மீதி அசைவை முடிப்பாள். அம்மா கோகிலா அதை விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருநாள் கூப்பிட்டு, “இந்த நிறுத்தம் எங்க பழகுனது? இந்த வார்த்தையில அப்படி ஒண்ணும் கிடையாதே” என்று கேட்டார்.

கோகிலா வீட்டுக்கு வந்து, வள்ளி போனில் பார்த்துப் பழகுகிற சைகை மொழிப் பாடத்தைப் போட்டுப் பார்த்தாள். பாடம் நடத்துகிற பெண் கையைத் தூக்கினாள். நெட் நின்றது. திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. தூக்கிய கை தூக்கியபடியே நிற்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த வள்ளியும் கையைத் தூக்கி அசையாமல் நின்றாள். வட்டம் மறைந்து அந்தப் பெண்ணின் கை நகர்ந்ததும் இவள் கையும் நகர்ந்தது. பிள்ளை அந்தத் தடங்கலையும் வார்த்தையோடு சேர்த்தே படித்திருக்கிறாள்.

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும்போனது.

உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த தென்னந்தோப்பை ஒட்டி அவர்கள் வீடு. காற்று ஒரு சுற்று பலமாக அடித்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்கு மெஷின் மாட்டிப் பார்த்தாயிற்று. பெரிய பலன் இல்லை. டீச்சர் சொன்னது ஒன்றுதான்: வீட்டில் எல்லாரும் சைகை மொழி பேசினால் இவள் பேசுவாள். அதற்கு அந்த வீடியோப் பாடங்களை விட்டால் வேறு வழி கிடையாது. போனில் இறக்கி வைத்தால் இடம் பத்தவில்லை. மெமரி கார்டு வாங்கிப் போட்டாள். அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

கோகிலா ராமநாதபுரத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்த்தாள். காலையில் வள்ளியைப் பள்ளியில் விட்டுவிட்டு, சாயங்காலம்வரை சாதிச் சான்றும் வருமானச் சான்றும் பதிந்துகொண்டிருப்பாள். அந்த மையத்தின் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. அதில் போட்டு வைக்கிற ஃபைலை எந்த டேபிளில் இருந்தும் எடுக்கலாம். வெளி நெட் செத்துக் கிடந்தாலும் அந்தப் பெட்டி தன் பாட்டுக்கு ஓடும். அன்றைக்கு விண்ணப்பம் ஒன்றைப் பதிந்துகொண்டே அவள் அந்தப் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அது மாதிரி ஒன்று வீட்டில் இருந்தால் என்ன?

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஜாபர் சாதிக் கீழக்கரைக்காரர். துபாயில் இதே தொழில் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை போட்டிருந்தார். ஆபீஸ்கள் கழித்துக் கட்டிய பெட்டிகள் கூரைவரை அடுக்கி இருக்கும்.

“எதுக்குத் தங்கச்சி? படம் பாக்கவா?” என்று, பெட்டி கேட்டு வந்த கோகிலாவிடம் கேட்டார்.

“எம்மக படிக்கிறதுக்கு. வீடியோ எல்லாம் அதுல இருக்கணும். டிவியிலயும் தெரியணும், ரெண்டு போன்லயும் தெரியணும். நெட்ட நம்பி இருக்கக்கூடாது, பாய்.”

“புது எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டுப் போயிரலாமே?”

“அது டிஸ்க் மட்டும்தான. கொண்டுபோய்க் கொண்டுவந்து செருகிக்கிட்டுத்தான் இருக்கணும். எனக்கு எந்நேரமும் ஓடுற மாதிரி வேணும்.”

ஜாபர் அதற்கப்புறம் விவாதம் பண்ணவில்லை. ஏதோ ஒரு வங்கிக் கிளை கழித்துப் போட்ட பெட்டி ஒன்றை இறக்கினார். உள்ளே இடம் தாராளம். ராம் என்கிற நினைவக அட்டை வேறொரு பெட்டியிலிருந்து வந்தது. ஹார்ட் டிஸ்க், கடைத்தெருக் கேமரா ஒன்றின் ரெக்கார்டரில் இருந்து கழற்றியது. “இன்னொரு டிஸ்க்கும் சேத்துப் போட்டா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும்” என்றார். கையில் இருந்த காசு அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் கோகிலா.

வீட்டில் அந்தப் பெட்டி ஒரு வாரம் அவளைப் படுத்தியது. ஸ்விட்சைப் போட்டால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. பீப் பீப் என்று மட்டும் கத்தும். உப்புக்காற்று பட்ட சாமானுக்கு இது வழக்கம் என்று ஜாபர் போனில் சொன்னார். ராமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை வள்ளியின் அழிரப்பரால் தேய்த்து மாட்டினாள். பிறகு காசில்லாமல் கிடைக்கிற, வீட்டுக்குள்ளேயே ஃபைலைப் பகிர்கிற சர்வர் மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி வந்து போட்டாள். பாதியில் நின்றது. மறுபடி போட்டாள். மையத்தில் சாப்பாட்டு நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் படித்தாள். டிபன் டப்பாவைப் பலநாள் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெட்டியைக் கடல் பக்கத்து ஜன்னலில் இருந்து தள்ளி, உள்ளறை அலமாரியில், அதன் கதவைக் கழற்றிக் காற்றுப் போகக் கொசுவலை அடித்து வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது வேலை செய்தது. அவள் கணவன் மாரிச்செல்வம் கமுதிக்குத் தேங்காய் ஏற்றிப் போன குட்டி யானை சரக்கு வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். ஊரெங்கும் நெட் இல்லை. ஆனால் டிவியில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏத்தா, இது எப்புடி வருது? டவர்தான் இல்லையே.”

“டவர் எதுக்குங்க? எல்லாம் நம்ம அலமாரியில இருக்கு, வீட்டு வைஃபைல வருது. உங்க போனக் குடுங்க, அதுலயும் வரும்.”

அவன் போனை நீட்டிக்கொண்டு அலமாரியையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தான். வள்ளி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, திரையில் தெரிந்த கையசைவை அப்படியே செய்து காட்டினாள். எங்கும் நிற்கவில்லை.

வீட்டில் ஒருவருக்குத்தான் இது பிடிக்கவில்லை. மாரிச்செல்வத்தின் அப்பா பொன்னுச்சாமி. வெள்ளிக்கிழமை தவறாமல் பேத்தியை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய் வேண்டிக்கொண்டு வருகிறவர். “இப்புடிக் கைய ஆட்டிக்கிட்டே இருந்தா வாயி எப்புடித்தா வரும்? பேச வேண்டிய புள்ளய நீயே ஊமையாக்கிராத” என்பார். கோகிலா எதிர்த்துப் பேசமாட்டாள். டிவியை நிறுத்தவும் மாட்டாள். அவர் எழுந்து ஆடுகளைப் பார்க்கத் தோப்புக்குப் போய்விடுவார்.

பாடங்களில் வராத வார்த்தைகள் நிறைய இருந்தன. பனங்கிழங்குக்கும் கருவாட்டுக்கும் எந்த வீடியோவும் இல்லை. வள்ளி தானாகவே அவற்றுக்குச் சைகை கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவற்றையெல்லாம் போனில் எடுத்து, பெட்டியில் ஏற்றிவிட்டு, போனில் அழித்துவிடுவாள் கோகிலா. அப்பாவும் பார்த்துப் படிக்கட்டும் என்றுதான்.

அந்த மாதம் முடியுமுன்பே டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தது. உள்ளே யாரோ நகத்தால் தட்டுவதுபோல, டக்... டக்... அவள் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் திரை இருண்டுவிட்டது. அணைத்துப் போட்டாள். வயரை மாற்றிப் பார்த்தாள். மறுநாள் ஜாபரிடம் கொண்டுபோனாள். அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“பழசு பழசுதான் தங்கச்சி. மனசுல வச்சுக்காதீங்க.”

பாடங்களை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். வள்ளியின் வார்த்தைகள் போனது போனதுதான். அவற்றில் சிலதை அவள் இப்போது வேறு மாதிரிச் செய்கிறாள். முதலில் எப்படிச் செய்தாள் என்பது இனி யாருக்கும் தெரியாது. அன்றைக்குப் பஸ்ஸில் கோகிலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். இரண்டாவது டிஸ்க்கைத் தள்ளிப்போட்ட தன்மேல்தான் அவளுக்குக் கோபம்.

“போதும்த்தா, விட்ரு. அந்தப் பெட்டியோட மல்லுக்கட்டுனது போதும்” என்றான் மாரிச்செல்வம்.

“விடமாட்டேங்க. தப்பு பெட்டிமேல இல்ல. ஒத்த டிஸ்க்க நம்புனது நான்.”

தீபாவளிச் சேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் காசோடு சனிக்கிழமை ஜாபர் கடையில் போய் உட்கார்ந்தாள். ஒரே அளவில் இரண்டு டிஸ்க் வேண்டும் என்றாள். அவர் எடுத்துப் போட்ட ஒவ்வொன்றையும் அவர் கம்ப்யூட்டரிலேயே மாட்டி, முழுசாகச் சோதித்து, சந்தேகம் வந்ததை ஒதுக்கினாள். கடைக்காரர் டீ வாங்கிக்கொடுத்தார். மத்தியானம் கழிந்து இரண்டு தேறின. ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் அப்படியே விழுகிற மாதிரி இந்தத் தடவை அமைத்தாள். கரண்ட் பட்டென்று போனால் பெட்டி திடுக்கென்று சாகாமல் இருக்க, மையத்தில் ஓரங்கட்டிய யூபிஎஸ்ஸைக் கேட்டு வாங்கி, புது பேட்டரி போட்டாள்.

பிறகு வார்த்தைகளை முதலில் இருந்து எடுக்க ஆரம்பித்தாள்.

ஒரு லீவு நாளில் போனைப் பிடித்துக்கொண்டு வள்ளியைத் தேடித் தோப்புக்குப் போனாள். பிள்ளை தாத்தாவோடு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தது. பொன்னுச்சாமி நெற்றியில் சுண்டுவிரலை மடக்கி வைத்துக் காட்டினார். வள்ளி ஓடிப்போய்க் கொம்பு வளைந்த ஆட்டைப் பிடித்து வந்தாள். அவர் கன்னத்தைத் தட்டி விரலால் ஒரு வட்டம் போட்டார். அவள் முகத்தில் வெள்ளைப் புள்ளி உள்ள குட்டியைத் தூக்கினாள். பிறகு அவள் வயிற்றைத் தடவி, தலையைச் சாய்த்து ஏதோ கேட்டாள். அவர் இல்லை என்று கையை விரித்து, சூரியனைக் காட்டி, இரண்டு தடவை விரலைச் சுற்றினார். சினை ஆடு இன்னும் இரண்டு நாளில் ஈனும் என்கிறார். கோகிலா தென்னைமரத்தோடு ஒட்டி நின்று எல்லாவற்றையும் எடுத்தாள்.

அவர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

“என்னத்தா படம் எடுக்கிறவ?”

“நீங்க பேசுறதத்தான் மாமா.”

“நான் எங்கன பேசுனேன்? ஆட்டக் காட்டுனேன்.”

“அதத்தான் மாமா நானும் சொல்றேன். உங்க ரெண்டு பேத்துக்கும் நடுவுல இம்புட்டு வார்த்த இருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சு.”

அவர் முகம் சிவந்தது. “அழிச்சிரு” என்று சொல்லிவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு ஆடுகளை ஓட்டிப் போய்விட்டார். அவள் அழிக்கவில்லை. அன்று மத்தியானமே பெட்டியில் ஏற்றினாள். அவருக்குத் தெரியாமல் மறைத்து வைக்கவும் இல்லை.

மறுநாள் முழுக்க அவர் தோப்பிலேயே கிடந்தார். அதற்கடுத்த நாள் காலையில் சினை ஆடு ஈன்றது. சந்தோஷத்தில் வள்ளி டிவியைப் போட்டுத் தாத்தாவின் வீடியோவைத் தானே தேடி எடுத்து ஓடவிட்டாள். பல் விளக்கிக்கொண்டிருந்த பொன்னுச்சாமி நிலைப்படியில் நின்று பார்த்தார். திரையில் இருந்த பொன்னுச்சாமி விரலைச் சுற்றினார். வள்ளி திரையைக் காட்டி, தாத்தாவைக் காட்டி, கையைக் கொட்டிச் சிரித்தாள்: நீ சொன்னபடியே நடந்தது. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்.

“அந்தக் கொம்பு வளஞ்சதுக்கு நான் காட்டுறது சரியாத்தான் இருக்கா?” என்று மருமகளைக் கேட்டார்.

“உங்க ஆடு, உங்க பேத்தி. நீங்க காட்டுறதுதான் மாமா சரி.”

“ம்” என்றார். பிறகு, “மழைக்கு என்ன காட்டுறாக அதுல?” என்றார். கோகிலா அந்தப் பாடத்தைப் போட்டாள். அவர் வெள்ளிக்கிழமை ஏர்வாடிக்குப் போவதை விடவில்லை. கையை ஆட்டாதே என்று சொல்வதை விட்டுவிட்டார்.

வள்ளியோடு படிக்கிற ஒரு பையனின் அம்மா தாஜுன்னிசா; கோகிலா அவளை ‘லாத்தா’ என்று அக்கா முறையில் கூப்பிடுவாள். கீழக்கரை. அவள் கணவன் முஹைதீன் சவுதியில் இருந்தான். பள்ளி வாசலில் வள்ளி மூச்சு விடாமல் கையால் பேசுவதைப் பார்த்து, பெட்டியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவள் கோகிலாவைத் தனியே இழுத்துப் போனாள்.

“எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு வச்சுக் குடுப்பீங்களா? இவன் வாப்பா ஊருக்கு வரும்போது இவன் என்ன சொல்றான்னு அவருக்குப் புரியணும். வீடியோ கால்ல ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்காங்க. பேச்சு ஓட மாட்டேங்குது.”

“வச்சுத் தரமாட்டேன் லாத்தா. நீங்களே மாட்டணும், நான் பக்கத்துல இருக்கேன். நாளைக்கு ஏதாச்சும் கெட்டா நீங்கதான பாக்கணும்.”

“எனக்கு ஸ்க்ரூ டிரைவர்கூடப் பிடிக்கத் தெரியாதே!”

“எனக்கு மட்டும் தெரிஞ்சிச்சாக்கும்?”

அடுத்த சனிக்கிழமை இருவரும் ஜாபர் கடையில் இருந்து ஒரு பெட்டியும் இரண்டு டிஸ்க்கும் வாங்கிக்கொண்டு கீழக்கரை பஸ்ஸில் ஏறினார்கள். இரண்டு டிஸ்க் எதற்கு என்று தாஜுன்னிசா கேட்க வேண்டியே வரவில்லை. வழியெல்லாம் கோகிலா அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். பெட்டியை இருவர் மடியிலும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

கண்டக்டர் வந்து பார்த்தார். “என்னம்மா இது, டிவியா? லக்கேஜ் டிக்கெட் போடணும்.”

“போடுங்க” என்றாள் தாஜுன்னிசா. “ஆனா கீழ வைக்கமாட்டோம்.”

“இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் ஓடிரும்ல?” என்று கோகிலாவைக் கேட்டாள்.

“முதல் தடவ ஓடாது லாத்தா. அதுக்கும் சேத்துத்தான் ரெண்டு சனிக்கிழமைக்கு லீவு சொல்லிட்டு வந்துருக்கேன்” என்றாள் கோகிலா.