ஆபீசர் ஸ்டாப்

ரோஜாவும் கனகாம்பரமும் கலந்த வாசனை... எங்க கம்பெனி செக்யூரிட்டி கேபின்னாலே எனக்கு அதுதான் ஞாபகம். வேலை நடக்குற லைனுக்கு பூ வெச்சிக்கினு போகக்கூடாதுன்னு ரூல். கார்த்தால ஷிஃப்ட்டுக்கு வர்ற பொம்பளைங்க அத்தனை பேரும் பூவை எடுத்து ஒரு பிளாஸ்டிக் ட்ரேயில வெச்சிட்டு உள்ள போவாங்க. ஷிஃப்ட் முடியுற வரைக்கும் அந்த இடமே கல்யாண வீடு மாதிரி மணக்கும்.

கர்நாடகா பார்டரை ஒட்டி பாகலூர் ரோட்டுல, காருக்கு ஒயர் கட்டுற கம்பெனி. நான் அப்பதான் தளியில இருந்து பஸ் புடிச்சு வந்து ஹெச்.ஆர்.ல ட்ரெய்னியா சேர்ந்திருந்தேன். GST எல்லாம் வராத VAT காலம்.

இப்ப ஃபேஸ்புக்ல பாக்குறேன், "கம்பெனிக்காரனுக்கு எதுக்குய்யா வரிச் சலுகை"ன்னு நிறைய பேர் சண்டை போடுறீங்க. கேளுங்க, கேக்கணும்தான். ஆனா எங்க கம்பெனியை கர்நாடகா பக்கமும் கூப்பிட்டாங்க. நாலு கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தா அந்த ஸ்டேட். நம்ம கவர்மென்ட் வரியில விட்டுக் குடுத்ததாலதான் இந்தப் பக்கம் வந்துச்சு. சும்மா இல்ல... உள்ளூர் ஆளுங்களுக்கு இத்தனை வேலை குடுத்தே ஆகணும்னு கண்டிஷன். அதை டிஸ்ட்ரிக்ட்ல இருந்து ஒரு ஆபீசர் வந்து செக் பண்ணுவார்.

உள்ளூர் ஆளுங்க லிஸ்ட்டை டைப் பண்ணது யாரு? நான்தான். அவங்கவங்க ரேஷன் கார்டுல இருந்த அட்ரஸை அப்படியே பாத்து அடிச்சேன். ரொம்ப சுத்தமா செஞ்சேன்னு பெருமை வேற!

ஆபீசர் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மேனேஜர் லிஸ்ட்டைப் பாத்துட்டு கத்தினார். பத்தொன்பது பேருக்கு கர்நாடகா அட்ரஸ்.

எங்க பார்டர்ல பொண்ணு குடுக்குறது எடுக்குறது எல்லாம் ரெண்டு ஸ்டேட்டுக்கும் நடுவுலதான். கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்துடுவாங்க, பேரு மட்டும் அம்மா வீட்டு ரேஷன் கார்டுலயே கிடக்கும். அங்க பேரை எடுத்து இங்க சேர்க்க ரெண்டு ஸ்டேட் ஆபீசுக்கும் நடக்கணுமே, யாரு நடப்பா? என் சித்தி பேரே அப்படித்தான் இருந்துச்சு. அது தெரிஞ்சும் எனக்கு உறைக்கல பாருங்க.

"இந்தப் பத்தொன்பது பேரையும் ரிலீவ் பண்ணிடு. வேற லோக்கல் ஆளா எடு"ன்னுட்டார் மேனேஜர். சலுகை போயிடுமோன்னு அவருக்குப் பயம்.

முதல் பேரு முனிரத்னா. லைன்ல அவங்க கை வேகத்துக்கு ஒருத்தரும் கிட்ட வர முடியாது. புருஷன் இல்ல, ஒத்தைப் பொண்ணு. இந்தச் சம்பளத்தை நம்பித்தான் அதை ஸ்கூல்ல சேர்த்திருந்தாங்க. விஷயம் எப்படியோ காதுக்குப் போய், டீ பிரேக்ல என் டேபிளுக்கே வந்துட்டாங்க.

"என்னை எந்த ஊருன்னு எழுதினே மேடம்? விடிஞ்சா நான் கோலம் போடுற வாசல் இந்தப் பக்கம்தானே இருக்குது?"

நாண்டுக்கிட்டு சாகலாம்னு இருந்துச்சு.

ஆபீசர் வந்தார். தெக்கத்திக்காரர், ஒல்லியா, அதிகம் பேசாத ஆளு. டீ குடுத்தா வேணாம்னுட்டார். மேனேஜர் புது லிஸ்ட்டை நீட்டினார். நான் பேசாம நின்னிருக்கணும். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே...

"சார், இதுல இருந்து பத்தொன்பது பேரை நீக்கிட்டோம். அவங்களும் இந்த ஊருதான். அம்மா வீட்டு அட்ரஸை நான்தான் போட்டுட்டேன். தப்பு என்னோடது சார்."

மேனேஜர் மொறைச்ச மொறைப்புல அன்னிக்கே என் வேலை போச்சுன்னு நெனச்சேன். ஆபீசர் என்னைத் திட்டவும் இல்ல, பாராட்டவும் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும்?"

"ரெண்டு மணிக்கு சார்."

"சரி, அவங்களை வழக்கம்போல பஸ்ல ஏறச் சொல்லுங்க. நானும் வர்றேன்."

தன் ஜீப்பைப் பின்னால வரச் சொல்லிட்டு, கம்பெனி பஸ்ல ஏறி உக்காந்துட்டார் மனுஷன்! என்னையும் கூட்டிக்கிட்டார். தினமும் கன்னடம், தெலுங்கு, தமிழ்னு காது கிழியுற பஸ்ஸு... அன்னிக்கு எல்லார் கண்ணும் அவர் மேலயே. ஒவ்வொரு ஊர்லயும் கூடவே இறங்கினார். வீட்டைப் பாத்தார், பக்கத்து வீட்டுல விசாரிச்சார், நோட்டுல எழுதினார், திரும்ப ஏறினார்.

கடைசியா தைலமரத் தோப்பு முக்கு. அந்த இடத்துக்கு அப்ப பேரே கிடையாது. அங்க முனிரத்னா இறங்கினாங்க. ஒத்தையடிப் பாதையில அவங்க பின்னாடியே நடந்து போனார். வீடு பூட்டியிருந்துச்சு. முனிரத்னா இடுப்புல இருந்து சாவியை எடுத்துத் தொறந்தாங்க.

காலையில போட்ட கோலம் பாதி அழிஞ்சு கிடந்துச்சு. ஆபீசர் அதைத் தாண்டி கால் வெச்சார். கம்பெனியில டீயைத் தொடாதவர், இங்க ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடிச்சார்.

"இவங்க வெளியூர்னு நான் எழுத முடியாதும்மா. எல்லாருக்கும் VAO கிட்ட இருப்பிடச் சான்று வாங்கி அனுப்பு. சலுகையை யாரும் நிறுத்த மாட்டாங்க"ன்னார்.

நான் அங்கயே அழுதுட்டேன். வெக்கமெல்லாம் இல்ல, ஓன்னு அழுதேன்.

பத்தொன்பது பேருக்கும் வேலை போகல. சலுகையும் வந்துச்சு. மேனேஜர் ஒரு மாசம் என்கிட்ட பேசல, அப்புறம் அவரே சரியாயிட்டார். அந்த ஆபீசர் மாத்தல் ஆகிப் போயிட்டார். பேரைக்கூட ஒழுங்கா கேட்டு வெச்சிக்கல நான், மண்டு.

இப்ப எல்லாம் ஆன்லைன். அட்ரஸை அப்லோடு பண்ணா போதும், பஸ்ல ஏறி யாரும் பாக்க வர்றதில்ல. வேலை சீக்கிரம் முடியுது, நல்லதுதான். ஆனா ஒரு கவர்மென்ட் ஆளு அப்படி வாசல் வரைக்கும் வந்து நின்னதை நெனச்சா இன்னிக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

நான் இப்ப அதே கம்பெனியில ஹெச்.ஆர். ஹெட். முனிரத்னா புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்குறாங்க. அந்தத் தோப்பு முக்குக்கு அன்னிக்கு டிரைவர் வெச்ச பேரு 'ஆபீசர் ஸ்டாப்'. இன்னிக்கு கம்பெனி பஸ் ஆப்லயும் அதே பேருதான், நான்தான் அடிச்சேன்.

போன வாரம் தேனியில இருந்து வந்த ஒரு பொண்ணு பஸ்ல கேட்டுச்சு.

"அக்கா, ஆபீசர் ஸ்டாப்புல எந்த ஆபீசர் வீடு இருக்கு?"

முனிரத்னா பூவைத் தலையில வெச்சிக்கினே சொன்னாங்க.

"ஆபீசர் வீடு இல்லம்மா. என் வீடு."