பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு ஜோடி செருப்பு

பொன்னமராவதி வீட்டில் பிரிட்ஜுக்கு முன்னால் எப்போதும் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு கிடக்கும். வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடந்தால் அம்மாவுக்கு ஆகாது; அந்த ஜோடிக்கு மட்டும் விலக்கு. பால் எடுக்க, மாவு எடுக்க யார் போனாலும் அதில் காலை நுழைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். வெறுங்காலோடு தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று கரண்ட் அடிக்கும். இந்த அரிய ஏற்பாட்டைச் செய்தவன் நான்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவன். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வீடே நம்பியது. விருந்தாளிகள்கூட அதை மாட்டிக்கொண்டுதான் தண்ணீர் பாட்டில் எடுத்தார்கள்.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் அவரும் மாட்டிக்கொண்டார். அண்ணன் மகள் தவழ ஆரம்பித்த பிறகுதான் சிக்கல். எங்கே விட்டாலும் நேரே சமையலறைக்குப் போய், பிரிட்ஜைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்ப்பாள். அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்து தூக்குவார். நான் பெரிய அறிவாளியாக, குழந்தைக்கும் சின்னதாக ஒரு ஜோடி வாங்கிவிடலாம் என்றேன். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தவழுற புள்ளைக்குக் கையிலயும் செருப்பு மாட்டுவீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு, பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார். பால் திரிந்தால் திரியட்டும் என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எலக்ட்ரீஷியன் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று நான்கு நாள் இழுத்தார். அண்ணி தையல் மிஷின் வைத்திருந்தவர். மோட்டார் நின்றுபோனால் அவரே பிரித்து மாட்டிவிடுவார். போனில் வீடியோக்கள் பார்த்தார். கடைத்தெருவுக்குப் போய் மூன்று துளை சாக்கெட்டுகள் ஆறு வாங்கி வந்தார். குழந்தை விரலோ குச்சியோ விட்டால் நுழையாதபடி உள்ளே மூடி வைத்த வகை. "நீங்க மெயின ஆஃப் பண்ணிட்டுப் பக்கத்துல நில்லுங்க. தப்பாப் போனா சொல்லுங்க, அது போதும்" என்றார். பழைய போர்டுகளைக் கழற்றினால், பழுப்பேறிய இரண்டு துளை சாக்கெட் ஒவ்வொன்றின் பின்னாலும் கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் பச்சை எர்த் வயர் எதிலும் சேராமல் சுருண்டு கிடந்தது. எந்த வயர் எங்கே இருந்தது என்று துணியில் கோடு போடும் சாக்கட்டியால் சுவரில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பச்சை வயரையும் எர்த் திருகில் வைத்து முடுக்கினார். ஆறையும் முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. வரிசையாகப் பளிச்சென்று இருந்த சாக்கெட்டுகளைப் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது.

மெயினைப் போட்டு, டெஸ்ட் லாம்ப்பைக் கரண்டுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். பல்ப் எரிந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தம். எரியவில்லை. "எர்த்து செத்துக் கெடக்கு அண்ணி" என்றேன். "எங்கிட்டுச் செத்துச்சுன்னு பாக்கணும்ல?" என்று மறுபடி மெயினை அணைக்கச் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போனார். மீட்டர் பெட்டியிலிருந்து பின்சுவர் வழியாக இறங்கிய தடித்த கம்பி பாதிச் சுவரிலேயே நின்றுவிட்டது. மண்ணில் புதைத்த எர்த் பைப்பில் ஒரு சாண் கம்பி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த துண்டைக் காணோம். அண்ணி நிமிர்ந்து பார்த்தார். முருங்கைக்கும் குளியலறைச் சுவருக்கும் இடையே இழுத்துக் கட்டிய கொடியில் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

நான் பத்தாவது படித்தபோது பொங்கலுக்கு வீட்டை ஒழித்து, போர்வை முதல் தலையணை உறை வரை துவைத்துப்போட்டோம். பாரம் தாங்காமல் கொடி அறுந்தது. சுவரில் சும்மாதானே தொங்குகிறது என்று அந்தக் கம்பியை வெட்டிக் கட்டியவன் நான். அம்மாவிடம் பாராட்டும் வாங்கினேன். அதன் பிறகு மூன்று வருடம் எர்த்தைப் பற்றிப் பரீட்சை எழுதியும் அந்தக் கொடி என் நினைவுக்கு வரவேயில்லை. அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வைவார் என்று நினைத்தேன். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சரி, எம் புள்ள துணிக்கு ஒரு கயித்தக் கட்டிக் குடுத்துட்டு, வெட்டுனதச் சேத்து வைங்க" என்றார்.

புதுக்கம்பி இழுத்து, மண்ணில் ஈரம் நிற்க எர்த் குழியில் உப்புப் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். பல்ப் எரிந்தது. பிரிட்ஜின் மூன்று முள் பிளக்கை, இத்தனை நாள் மாட்டியிருந்த இரண்டு முள் அடாப்டரைக் கழற்றிவிட்டு, நேராகச் சொருகிய அண்ணி, நீலச் செருப்பைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு நின்று கதவில் உள்ளங்கையை வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகுதான் மகளைக் கீழே விட்டார். அந்த ஜோடி, கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது போட்டுக்கொள்ளும் கொல்லைச் செருப்பாயிற்று.

இப்போது விராலிமலையில் எனக்கென்று ஒரு பழைய வீடு. மகன் தவழ ஆரம்பித்திருக்கிறான். போன வாரம் சாக்கெட்டுகளை எல்லாம் நானே மாற்றினேன். முதலில் எர்த்தைப் பார்த்துவிட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்திருந்தார். அவன் அவர் இடுப்பைவிட்டு இறங்கத் துடித்தான். அவருக்கு மோர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தேன். அண்ணியின் பார்வை என் காலுக்குப் போனது. ரப்பர் செருப்பு.

"ஏன் தம்பி, ஒங்க வேலைய நீங்களே நம்பலையா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். வெறுங்காலோடு நின்று, கதவில் உள்ளங்கையைப் பதித்தேன். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். அண்ணி என் மகனைத் தரையில் இறக்கிவிட்டார்.