இன்ஸ்பெக்டரின் இடதுபக்க வயிறு

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வேலைக்கு நல்ல கண்ணும் நல்ல கையெழுத்தும் இருந்தால் போதும் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். நல்ல வயிறும் வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் தென்காசி சரகத்துக்கு டெபுடி இன்ஸ்பெக்டராக வந்தேன். சுரண்டை, அச்சன்புதூர், சிவகிரிப் பக்கமெல்லாம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைந்து தொடக்கப் பள்ளிகளைப் பார்வையிட வேண்டும். போகிற ஊரிலெல்லாம் சாப்பாடு. வேண்டாம் என்றால் அவர்களுக்கு வருத்தம். சாப்பிட்டால் எனக்கு இடதுபக்க அடிவயிற்றில் கருவேல முள் ஏறினாற்போல வலி. வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டே பந்தியில் சிரித்துப் பேசியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வியாதிக்கு ஒரு பெயர்

ஆறு மாதம் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். வாயு என்றார் ஒருவர், சூடு என்றார் ஒருவர், குடல் ஏறியிருக்கிறது என்று வயிற்றைத் தடவிவிட்டார் இன்னொருவர். என் மனைவி ஓமம், சுக்கு, பெருங்காயம் மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். ஒருநாள் காய்ச்சலோடு சுருண்டு விழுந்த பிறகுதான் பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒன்றை உள்ளே ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். எந்த வழியாக ஏற்றினார்கள் என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள், மற்றவர்களுக்கு அது வேண்டாம். பெருங்குடலின் சுவரில் சின்னச் சின்னப் பைகள் பிதுங்கி நிற்பதை டாக்டர் படத்தில் காட்டினார். அதில் ஒன்று புண்ணானால் வலியும் காய்ச்சலும் வருமாம். டைவர்ட்டிகுலைட்டிஸ் என்று பெயர் சொன்னார். உங்களுக்கு எது ஆகாது என்று எனக்குத் தெரியாது, விதை, தோல், கொட்டையிலிருந்து சந்தேகத்தைத் தொடங்கி, ஒவ்வொன்றாகத் தின்று பார்த்து எழுதி வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

துணைக்கு வந்திருந்த என் ஆபீஸ் பியூன் சுடலைமுத்து கதவுக்கு வெளியே நின்று அந்தப் பெயரை மட்டும் அரைகுறையாகக் கேட்டிருக்கிறார். மறுநாள் ஆபீஸ் கிளார்க் அவரிடம் விசாரித்தது என் அறை வரைக்கும் கேட்டது. சுடலைமுத்து ரொம்பக் கவலையோடு சொன்னார்: "அய்யாவுக்கு வந்திருக்கது டிரைவர்மாருக்கு வார வியாதியாம். அய்யாவுக்குச் சைக்கிள்தான விடத் தெரியும், அவுகளுக்கு எப்படி வந்துதுன்னுதான் தெரியல."

ஒரு நாளைக்கு ஒரு சந்தேகம்

டாக்டர் சொன்னபடி ஒரு முறை வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்குச் சந்தேகமான பண்டம் ஒன்றுதான். மற்றதெல்லாம் குழைந்த சோறு, மோர், இட்லி. சந்தேகப் பண்டம் தின்று மறுநாள் காலைவரை பார்ப்பது. வலித்தால் பெயருக்குக் கீழே கோடு, வலிக்காவிட்டால் விடுதலை. வீட்டில் இது சுலபம். ஊர் ஊராகப் போகிறவன் என்ன செய்வான்? குடல் வியாதி என்று வெளியே சொல்ல எனக்கு வெட்கம். அதனால் இலையில் வைத்ததை ஓசையில்லாமல் ஒதுக்கப் பழகினேன்.

சுரண்டைப் பக்கம் ஒரு தலைமையாசிரியர் வீட்டில் தேங்காய்ப் பால் ஊற்றிச் சொதி வைத்து விருந்து போட்டார்கள். அன்றைக்கு என் சந்தேகம் தேங்காய்ப் பால் மட்டும். ஆகையால் சொதியிலிருந்த முருங்கைக்காயை ஒதுக்கினேன், வெண்டைக்காய்ப் பச்சடியை ஒதுக்கினேன், கொத்தவரங்காயையும் ஒதுக்கினேன். எதிரே உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் என் இலையைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், மறுபடி இலையைப் பார்க்கிறார். காலையில் அவருடைய ஐந்தாம் வகுப்பு வாய்பாட்டில் கொஞ்சம் தடுமாறியிருந்தது. கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது மெதுவாகச் சொன்னார்: "சார், வெண்டைக்காயைத் தள்ளிட்டீங்க, கொத்தவரங்காயைத் தள்ளிட்டீங்க, எனக்கு வருத்தமில்ல. அஞ்சாங் கிளாஸைத் தள்ளிராதீங்க."

டைரியின் பின்பக்கம்

இன்ஸ்பெக்டர்கள் மாதாமாதம் சுற்றுப்பயண டைரியை ஜில்லா கல்வி அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். என்றைக்கு எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், கூரை ஒழுகுகிறதா, இதெல்லாம் முன்பக்கத்தில் இருக்கும். கையில் வேறு நோட்டு இல்லாததால் வயிற்று விவரங்களைப் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதி வந்தேன். தனியாகக் கிழித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அந்த மாதம் நான் காய்ச்சலில் கிடந்தபோது கிளார்க் டைரியை அப்படியே கட்டி அனுப்பிவிட்டார்.

பத்து நாள் எனக்குத் தூக்கமில்லை. அதிகாரி கண்டிப்பானவர், நேரில் பார்த்தால் உட்காரச் சொல்லமாட்டார். சுற்றுப்பயணத்துக்கு உடம்பு லாயக்கில்லை என்று நாற்காலி வேலைக்கு மாற்றிவிடுவாரோ என்ற பயம் எனக்கு. டைரி திரும்பி வந்ததும் உடனே பிரித்தேன். முன்பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. பின்பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில், அவருடைய அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: "கொத்தவரங்காய் பற்றிய தங்கள் முடிவு எனக்கும் பொருந்துகிறது. முருங்கைக்காய் குறித்து மேலும் விசாரித்து அறிக்கை அனுப்பவும்."

சாரல் காலம்

ஒரு ஆடி மாதம் குற்றாலத்தில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். அந்த மூன்று நாளில் மங்குஸ்தானுக்கு விடுதலை கொடுத்தேன். கொய்யாவுக்கு நான் கோடே போட வேண்டியிருக்கவில்லை, அது தானே போட்டுக்கொண்டது. பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவரிடம் உட்கார்ந்தேன். இடதுபக்கம் கை பட்டதும் நான் முகம் சுளித்ததைக் கண்டு, வலது தோளைப் பாறையில் சாய்த்து இடதுபக்கத்தை அருவிக்குக் கொடுங்கள், குடல் தானாக நேராகும் என்றார். கொடுத்தேன். குடல் நேரானதோ என்னவோ, தலையிலிருந்து கால்வரை வலி கழன்று ஓடினாற்போல இருந்தது. நடுங்கிக்கொண்டே வெளியே வந்தால் ஈரக்காற்றில் மிளகாய் பஜ்ஜி வாசம். என் கால் என்னைக் கேட்காமலே அந்தப் பக்கம் திரும்பிற்று. எண்ணெய்க்காரர் பின்னாலிருந்து சொன்னார்: "அருவி எல்லா நோவையும் எடுத்துரும் அய்யா. குளிச்சு முடிச்சதும் ஒரு பசி வரும் பாருங்க, அங்கனதான் அது தோத்துப்போகும்."

தட்டப்பயறு

இது சிரிக்கிற விஷயமில்லை. அச்சன்புதூரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். பள்ளியில் மதிய உணவு தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சமைத்தவர் செல்லத்தாய், ஊர் தள்ளி வைத்திருந்த கடைசித் தெருவைச் சேர்ந்தவர். மேலத்தெருக்காரர்கள் முதலிலேயே முணுமுணுத்தார்களாம். தலைமையாசிரியர்தான் கெஞ்சிக் கூத்தாடி அவர்கள் பிள்ளைகளையும் பந்தியில் உட்கார வைத்திருந்தார். எனக்கு இது ஒன்றும் தெரியாது. சமைத்ததை இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. எனக்கோ வலி அடங்கி இரண்டாவது நாள். தட்டில் சோறும், முழுத் தட்டப்பயறு போட்ட குழம்பும் வந்தன. தட்டப்பயறுக்கு நான் இரண்டு கோடு போட்டிருந்தேன். பசியில்லை என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அந்தத் தலைமையாசிரியர் தென்காசி ஆபீசுக்கே வந்து நின்றார். இன்ஸ்பெக்டரே அவள் கையால் வாங்கவில்லை, நம் பிள்ளைகள் எதற்குச் சாப்பிட வேண்டும் என்று மேலத்தெருவில் பேச்சு. பதினெட்டுப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஆளை மாற்று என்றும் கேட்கிறார்கள். செல்லத்தாய் என்ன சொன்னார் என்று கேட்டேன். குழம்பில் உப்பு கூடிப்போயிற்றா என்று மட்டும் கேட்டாராம். எனக்கு உட்கார முடியவில்லை. அப்போதாவது வியாதியைச் சொல்லியிருக்கலாம். இந்த நேரத்தில் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். வாசலில் மேலத்தெரு ஆட்கள் மூன்று பேர் நின்று பார்த்தார்கள். அன்றைக்கும் அதே தட்டப்பயறு. செல்லத்தாயையே பரிமாறச் சொன்னேன். சாப்பிட்டேன், மறுபடி கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன். குழம்பு நன்றாகவே இருந்தது, உப்பு சரியாக இருந்தது. அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் படுக்கையில் கிடந்தேன். பதினைந்து பிள்ளைகள் பந்திக்குத் திரும்பினார்கள். மூன்று பிள்ளைகள் கடைசிவரை வரவில்லை.

தபால் கொடுக்கப் போன சுடலைமுத்து அந்த ஊரில் என் வயிற்று விஷயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடுத்த தடவை நான் போனபோது எல்லாப் பிள்ளைகள் தட்டிலும் தட்டப்பயறு வேகவைத்து அரைத்துவிட்ட குழம்பு இருந்தது. என் தட்டிலும் அதே குழம்புதான். அன்று எனக்கு ஒன்றும் செய்யவில்லை. செல்லத்தாய் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருந்தா அரைச்சு விட்டிருப்பேம்லா. வாய் எதுக்குய்யா இருக்கு, திங்க மட்டுமா?"

பட்டியல்

அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும், முதல் வணக்கத்துக்கு அடுத்தபடியாக என் வியாதியைச் சொல்லிவிடுவேன். முருங்கை, கொய்யா, கொத்தவரை, முழுப்பயறு, பச்சை மிளகாய் எனக்கு ஆகாது. கீரை, பூசணி, சொதி, மங்குஸ்தான் ஆகும். உங்கள் பட்டியல் வேறாக இருக்கும், என்னுடையதைக் காப்பி அடிக்காதீர்கள். விதையெல்லாம் தின்னலாம், நார் நிறையச் சேருங்கள் என்று இப்போதைய டாக்டர்கள் சொல்கிறார்கள். சரியாகத்தான் இருக்கும். போன மாதம் அதை நம்பி ஒரு கொய்யாப்பழம் தின்றேன். புதுச் சட்டம் என் குடலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நான் சோதித்த பள்ளிக்கூடங்களில் பாதி மறந்துபோயிற்று, சோதித்த காய்கறிகளில் ஒன்றுகூட மறக்கவில்லை. சர்க்கார் என்னை எதற்கு வைத்திருந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.