குடும்பப் பெயருக்கான கட்டம்

2007, செப்டம்பர் 17, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பது. முந்தின நாள் மாலை அரை அங்குல மழை பெய்திருந்தது. அன்று காற்றே இல்லை, ஒரே புழுக்கம். கூரியரில் வந்த உறையைப் பிரித்த என் மகள் இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜப்பானில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே தொண்ணூற்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய் வாங்கிய வேலை. சென்னை வேலையை விட்டுவிட்டு, பெட்டி கட்ட எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். கடிதம் சொன்னது இதுதான்: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை, எங்கள் பதிவுக்கு அது கட்டாயம், திருத்திய பாஸ்போர்ட்டின் நகல் அக்டோபர் 31க்குள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நாற்பத்து நான்கு நாள் இருந்தது.

தப்பு என்னுடையது. விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். பொதுப்பணித்துறையின் பாசனப் பிரிவில் முப்பத்தாறு வருடம் எழுத்தராக இருந்து, வாய்க்காலில் ஓடும் தண்ணீரை அங்குலம் அங்குலமாகக் குறித்தவன், அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். நம் பக்கத்தில் யாருக்கு இருக்கிறது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு நம் பெயர். அதற்கு மேல் எழுத எதுவும் இல்லை என்றுதான் விட்டேன்.

விஷயம் கேள்விப்பட்டு மத்தியானமே என் அண்ணன் வந்தார். தெருவின் தலைப்பில், ஊரார் 'பெரிய வீடு' என்று சொல்லும் மாடி வீடு அவருடையது. பஞ்சாயத்துத் தலைவராக இரண்டு தடவை இருந்தவர்.

"இதுக்கா இப்படி முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்க? நம்ம பட்டத்தைப் போடு. கட்டம் ரொம்பிடும்."

அவர் சொன்னது சாதிப் பட்டம். அப்பா பெயருக்குப் பின்னால் இருந்தது, அண்ணன் பெயருக்குப் பின்னால் இன்றும் இருப்பது.

"அதை நான் எடுத்து முப்பத்தாறு வருஷம் ஆச்சுண்ணே."

"நீ எடுத்தா போயிடுமா? ஊர்ல உன்னை எவன் வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிடுறான்?"

அது உண்மை. கல்யாணப் பத்திரிகை, கோயில் வரி ரசீது, மளிகைச் சீட்டு, எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் அதை ஒட்டிவிடுவார்கள். நான் அடித்துவிடுவேன். அடித்த எண்ணிக்கையைக்கூட ஒரு காலத்தில் வைத்திருந்தேன்.

"ஜப்பான்காரனுக்கு அது சாதின்னு தெரியவா போவுது?"

"அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"பொண்ணு பொழப்பைவிட உன் வீம்பு பெருசாடா?"

மனு எழுத வெள்ளைத்தாள் எடுக்க நான் உள்ளே போனேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மனுவாக இருந்தாலும் முதல் கையெழுத்து அண்ணனுடையது. அதற்குக் கீழேதான் மற்றவர்கள் போடுவார்கள். பாஸ்போர்ட் திருத்தத்துக்கு மறுபடியும் போலீஸ் விசாரணை உண்டு, அதற்கு அக்கம்பக்கத்தார் இருவர் கையெழுத்து வேண்டும். குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டு போனேன். அண்ணன் படித்துப் பார்த்து, நாலாக மடித்து, என் சட்டைப் பையிலேயே செருகினார்.

"பட்டத்தை எழுதிக்கிட்டு வா. இப்பவே போடுறேன். ஸ்டேஷன்லயும் நானே பேசுறேன்."

ஏழு வீடு ஏறினேன். ஏழிலும் ஒரே கேள்வி: "பெரியவர் போட்டுட்டாங்களா?" ஏழிலும் காபி கொடுத்தார்கள். காபி ஏழு, கையெழுத்து பூஜ்யம். அதற்குள் இருபது நாள் ஓடிவிட்டது.

"ரெண்டு எருமை முட்டிக்கிற எடத்துல புள்ளைய நிறுத்தி வச்சிருக்கீங்க" என்றாள் என் மனைவி. சாதம் பரிமாறிக்கொண்டே சொன்னாள், கரண்டி தட்டில் சத்தமாகவே பட்டது.

மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பட்டம் ஏன் வேண்டாம்னு நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லைப்பா."

சொல்லியிருக்கவில்லைதான். அன்று சொன்னேன். 1971, வேலையில் சேர்ந்து நாலாவது மாதம். கரை உடைப்பு அடைத்த ஆட்களுக்கு மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தேன். மேசை மேல் என் பெயர்ப் பலகை, பட்டத்தோடு. வரிசையில் என் அப்பாவைவிட வயதான ஒருவர் வந்தார். பின்னாலிருந்த மேஸ்திரி பலகையைப் படித்துச் சொன்னதும், அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நாலடி பின்னால் போனார். கூலியைத் தரையில் வைக்கச் சொன்னார். நான் கையில் கொடுக்கிறேன் என்றேன். "வேணாங்க, வழக்கமில்லீங்க" என்றார். எனக்கு இருபத்திரண்டு வயது. அவர் கெஞ்சியதால் தரையில்தான் வைத்தேன். மறுநாள் பலகையை உடைத்தேன். வைத்தது வைத்ததுதான்.

மகள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பேரை நானும் தூக்கிக்கிட்டுப் போகமாட்டேன். வேலை போனா இன்னொண்ணு தேடிக்கிறேன். ஆனா இனிமே கையெழுத்துக்கு நீங்க போகாதீங்க. உங்களுக்குக் கேக்கத் தெரியலை. வாசல்லயே சண்டைக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. நான் போறேன்."

அவள் போனது கடைத்தெருவில் இருந்த மளிகைக்கடை பாயிடம். சவுதியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். மனம் கேட்காமல் நானும் பின்னாலேயே போய் நின்றேன். பாய் படிவத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"எனக்கும் இதே கதைதான் பாப்பா. அங்க பன்னெண்டு வருஷமும் எங்க அத்தா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டானுங்க. திட்டு வாங்குனது அவரு, மூட்டை தூக்குனது நானு."

"பெரிய வீட்டு மாசச் சாமான் உங்க கடையிலதானே பாய்? யோசிச்சுப் போடுங்க" என்றேன்.

"அப்பா!" என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"போவட்டும் சார். அந்த வீட்டு மாடிப்படி இருபத்தாறு. அரிசி மூட்டையோட ஏறி இறங்குறதுக்குள்ள இடுப்பு கழண்டுடுது." போட்டார். எதிரில் சைக்கிள் கடை வைத்திருந்த தன் மச்சானையும் கூப்பிட்டுப் போடச் சொன்னார்.

படிக்கட்டு எத்தனை என்று எண்ணி வைத்திருந்த அந்த மனிதரை அன்றிலிருந்து எனக்கு மிகவும் பிடிக்கும்.

முப்பத்தொன்பதாம் நாள், அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை, பாஸ்போர்ட் வந்தது. அன்றே தஞ்சாவூர் போய் நகலை ஃபேக்ஸில் அனுப்பினோம். மூன்று தடவை அனுப்பச் சொன்னேன். இரண்டாவது தடவையே போய்ச் சேர்ந்துவிட்டது என்று கடைக்காரர் கோபித்துக்கொண்டார். பெரிய வீட்டுச் சாமான் அடுத்த மாதமே பாய் கடையை விட்டுப் போனது.

2008 ஜனவரி 9, புதன்கிழமை, சென்னையில் விமானம் ஏறினாள். பெட்டி இருபத்து மூன்று கிலோ. அதில் வத்தக்குழம்புப் பொடி இரண்டு கிலோ, அவள் அம்மா எனக்குத் தெரியாமல் வைத்தது. அண்ணன் வழியனுப்ப வரவில்லை. ஐந்தாம் நாள் போன் வந்தது.

"அப்பா, லாக்கர்ல, தொப்பியில, சாப்பாட்டு டோக்கன்ல, எல்லாத்துலயும் உங்க பேருதான். காலையில நூத்துப் பன்னெண்டு பேர் நிக்கிறோம், சூப்பர்வைசர் உங்க பேரைச் சொல்லி 'சான்'னு கூப்பிடுறாரு. நான் 'ஹை'ங்கிறேன், ஆமாங்கன்னு அர்த்தம்."

"பின்னாடி வேற எதையும் சேர்க்கலையே?"

"சான் மட்டும்தான்ப்பா. அது மரியாதைக்குச் சேர்க்கிறது, எல்லாருக்கும் உண்டு. தரை கூட்டுறவங்களுக்கும் சான்தான்."

பிப்ரவரியில் சம்பா அறுவடை வந்தது. என் ஆறு மா நிலத்துக்கு, அதாவது இரண்டு ஏக்கருக்கு, அறுவடை இயந்திரம் அண்ணன் வயல் வழியாகத்தான் வரவேண்டும். வழியில்லை என்றார். "பட்டம் வேண்டாதவனுக்குப் பாட்டன் வழி மட்டும் எதுக்கு?" நான் கெஞ்சப் போகவில்லை. ஆள் வைத்து அறுத்து, வரப்பு மேலேயே கட்டுச் சுமந்து கரை சேர்த்தோம். கூலியைக் கையில்தான் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்று யாரும் பின்னால் போகவில்லை.

ஒரு கட்டத்தை நிரப்ப இவ்வளவா என்று உறவில் இன்னும் கேட்கிறார்கள். கேட்கட்டும், கணக்கு என்னிடம் இருக்கிறது. பாஸ்போர்ட், நோட்டரி, பத்திரிகை விளம்பரம், திருச்சி பாஸ்போர்ட் ஆபீசுக்கு ஐந்து தடவை பஸ், எல்லாம் சேர்த்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து. இயந்திரம் வராததால் அறுவடையில் கூடின செலவு நாலாயிரத்து இருநூறு. ஆக மொத்தம் ஒன்பதாயிரத்து நூற்றுப் பதினைந்து ரூபாய்.