கருங்குட்டியின் குளம்பு

மணமகன் ஊர்வலங்களுக்காக நாகல் நகரில் என் அண்டைவீட்டார் வளர்க்கும் புள்ளிக்குதிரை, ஒரு புள்ளியுமில்லாத கருங்குட்டியை ஈன்றது. புள்ளியில்லாதது ஊர்வலத்துக்கு உதவாதென்று, அதை நெய்க்காரப்பட்டிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட அண்டைவீட்டார் முடிவுசெய்தார். குளம்பின் வெண்வரிகளையும் உதட்டின் இளஞ்சிவப்புத் திட்டுகளையும் காட்டி, இவை புள்ளிக்குதிரை இனத்தின் அடையாளங்கள், புள்ளிகள் பின்னரும் தோன்றக்கூடும் என்று நான்தான் தடுத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு அமைதியில்லை. விடிந்ததும் மூக்குக்கண்ணாடியுடன் கொட்டிலுக்கு நடக்கிறேன்.

“என்னங்கய்யா, இன்னைக்காவது புள்ளி மொளைச்சிருச்சா?” என்று அவர் சிரிப்பார். “தை வரைக்கும்தான் பாப்பேன். அப்புறம் உங்க வீட்டு வாசல்லதான் கட்டணும்!”

இன்று அதன் இடுப்பில் ஒரு வெண்பொட்டைக் கண்டேன். விரலை நனைத்துத் தேய்த்தேன். கொட்டில் சுவரின் சுண்ணாம்பு கையோடு வந்தது. மார்கழி பாதி கழிந்துவிட்டது. குட்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் பார்க்கச் சென்றேன்.